பிஷப் ஐயாவின் ஆமென்

உட்காருங்க தம்பி. அந்த ஓரத்தில் வேண்டாம், பெஞ்சுக்கு அங்கே ஒரு கால் ஆட்டம். இப்படி என் பக்கம் தள்ளி வாங்க. பிஷப் ஐயாவைப் பார்க்கத்தானே? இந்த வராந்தாவில் வேறு எதற்கு ஒரு மனிதன் உட்காரப் போகிறான்.

உள்ளே ஆள் இருக்கிறது. வாசலில் செருப்புக் கிடக்கிறது பாருங்க, வார் அறுந்து நீல நூலால் தைத்த பெண்பிள்ளைச் செருப்பு. எந்த ஊர் டீச்சரோ, பாவம். நான் வருவதற்கு முன்னாலேயே போயிருக்கிறாள், இன்னும் வரவில்லை.

பையில் என்ன, மாம்பழமா? நல்ல வாசனை. ஆனால் அதை உள்ளே கொண்டு போகாதீங்க. கொண்டு போனால் பியூன் தாசையாவைக் கூப்பிட்டு நறுக்கச் சொல்லி, இந்தப் பெஞ்சில் இருக்கிற எல்லாருக்கும் ஆளுக்கொரு துண்டு கொடுத்துவிடுவார். நான் ஒரு தடவை பலாப்பழம் கொண்டுவந்தேன். என் பரம விரோதி, கான்ட்ராக்டர் செல்லையா, இதோ நீங்கள் உட்கார்ந்திருக்கிற இடத்தில் உட்கார்ந்து அதைத் தின்றான். கொட்டையை என் காலடியிலேயே போட்டான்.

உங்களுக்கு என்ன காரியம்? மாறுதலா, வேலையா, பிள்ளைக்கு சீட்டா? சொல்ல வேண்டாம். இங்கே வருகிறவர்களுக்கு நாலாவது காரியம் கிடையாது. என்னிடம் முதலில் வந்தது உங்கள் அதிர்ஷ்டம். ஏனென்றால், இந்த பிஷப்பை உண்டாக்கியதே நான்தான்.

சிரிக்காதீங்க. வேதக்கண் என்று சொல்லி இந்தத் திருமண்டலத்தில் யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்க. வேண்டாம், கேட்காதீங்க, ஆளுக்கொன்று சொல்வார்கள். நானே சொல்லிவிடுகிறேன்.

பிஷப் ஐயாவின் பெயர் மாசிலாமணி. பிறந்தது தேரிக்காட்டில், கிராமத்துக் கோயிலைப் பார்த்துக்கொள்கிற ஒரு உபதேசியார் வீட்டில். செம்மண்ணும் பனையும் தவிர அங்கே ஒன்றும் கிடையாது. போர்டிங் பள்ளிக்கூடத்தில் நானும் அவரும் ஒரே அறை, பாயும் பக்கத்துப் பக்கத்துப் பாய். அப்போதே ஆள் ஒரு மாதிரி. ஒரு நாள் வார்டன் வீட்டு மரத்துக் கொய்யாப்பழம் பூராவும் காணாமல் போய்விட்டது. வார்டன் பிரம்போடு வந்து நின்றார். "தின்னவன் எவன்லே?" இவர் எழுந்தார். "ஐயா, ஜெபிப்போம். தின்னவன் ஆரம்பிக்கட்டும்" என்றார். ஜெபம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு நிற்க வேண்டியதுதானே? நின்றோம். நின்றுகொண்டே இருந்தோம். சாப்பாட்டு மணி அடித்தும் யாரும் ஆரம்பிக்கவில்லை. கடைசியில் வார்டனுக்கே சிரிப்பு வந்து பிரம்பைக் கீழே போட்டுவிட்டார். யார் தின்றார்கள் என்பது இப்போது எதற்கு? நல்ல பழம், அவ்வளவுதான்.

பிறகு அவர் குருத்துவப் படிப்புக்குப் போனார். கூடப் படித்தவர்கள் இங்கிலாந்து, ஜெர்மனி என்று பறந்தார்கள். இவர் பறந்ததெல்லாம் ஒரு பழைய மொபெட்டில். ஒரு போதகர் பொறுப்பில் இருக்கிற நாலைந்து ஊரைச் சேகரம் என்போம். போதகர்களுக்கு எந்தச் சேகரம் ஆகாதோ, எங்கே குடிதண்ணீர் உப்போ, எங்கே சபையார் ரெண்டு கட்சியாகி அடித்துக்கொள்கிறார்களோ, அங்கே மாசிலாமணியை அனுப்புவார்கள். ஏனென்றால் அவருக்காகப் பேச ஆள் கிடையாது. அவரும் ஒரு தடவைகூட மாறுதல் கேட்டதில்லை. ஒரு தகரப்பெட்டி, நாலு கோழி, மனைவி. லாரி வந்தால் ஏறிவிடுவார்.

யாராவது புகார் கொண்டுவந்தால் முழுவதையும் கேட்பார். கேட்டுவிட்டு, "ஜெபிப்போம். நீங்களே ஜெபம் பண்ணுங்க" என்பார். அவ்வளவுதான். நாங்கள் அதைச் சோம்பேறித்தனம் என்று நினைத்தோம். பிரசங்கமும் அப்படித்தான். ஜனங்கள் செருப்பைக் கழற்றிவிட்டு உட்காருவதற்குள் முடிந்துவிடும்.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். இப்போதிருப்பவருக்கு முந்தைய பிஷப் ஓய்வு பெற்ற சமயம். பெருமன்றம் கூடியது. முறை தெரியுமில்லையா? ஆளுக்கு இரண்டு ஓட்டு. அதிகம் வாங்கிய மூன்று பேருடைய பெயர் மேலே சினாடு என்கிற தலைமைச் சபைக்குப் போகும். அவர்கள் அந்த மூன்றில் ஒருவரை எடுத்து பிஷப் ஆக்குவார்கள். நம்மிடம் அப்போது கிழக்கு அணி, மேற்கு அணி என்று இரண்டு. நான் மேற்கு. மேற்கு என்றால் நான்தான் என்றே வைத்துக்கொள்ளுங்க. எங்கள் ஆள் எட்வின் துரைசிங் ஐயா. கிழக்குக்குக் கோயில்பிள்ளை ஐயா. இரண்டு பேருமே பெரிய படிப்பு, பெரிய குரல், பெரிய கார்.

முதல் ஓட்டு துரைசிங் ஐயாவுக்கு, சரி. இரண்டாவது ஓட்டை யாருக்குப் போடுவது? ஒரு பெயர் மட்டும் எழுதினால் சீட்டு செல்லாது. எதிரிக்குப் போட முடியாது. கொஞ்சம் பெயருள்ள ஆளுக்குப் போட்டால் சினாடு அவரை எடுத்துவிடும். முந்தின நாள் சாயங்காலம் லாட்ஜில் எங்கள் ஆட்கள் எல்லாம் மண்டையைக் குழப்பிக்கொண்டிருந்தார்கள். நான் பஜ்ஜியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னேன்.

"மாசிலாமணிக்குப் போடுங்கலே. அவரை எந்தக் கிறுக்கன் பிஷப் ஆக்குவான்?"

அறையே கைதட்டியது. மூளை வேண்டும் தம்பி, இதற்கெல்லாம் மூளை வேண்டும்.

கேடு என்னவென்றால், அதே சாயங்காலம், அதே லாட்ஜில், மேல் மாடியில், கிழக்கு அணிக்காரன் செல்லையாவுக்கும் அதே யோசனை வந்திருக்கிறது. என்னைப் பார்த்துத்தான் வந்திருக்கும், சந்தேகமில்லை.

மறுநாள் எண்ணினார்கள். துரைசிங் ஐயாவுக்குப் பாதி. கோயில்பிள்ளை ஐயாவுக்குப் பாதி. மாசிலாமணிக்கு முழுசு. அந்த மன்றத்திலேயே அவருக்கு விழாத ஓட்டு ஒன்றே ஒன்றுதான். அது அவருடையது.

முடிவைச் சொல்ல ஆளைத் தேடினால் ஆளைக் காணோம். பின்கட்டில் சமையல் கொட்டகையில், ஆட்டுக்கறிக் குழம்பில் உப்புப் பார்த்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் கரண்டியைச் சமையல்காரரிடம் கொடுத்து, "இன்னும் கொஞ்சம் போடும் வே" என்றாராம்.

சினாடுக்காரர்கள் காகிதத்தைப் பார்த்தார்கள். அடித்துக்கொள்கிற இரண்டு கட்சியும் ஒருமனதாக நேசிக்கிற ஒரு பரிசுத்தவான் இருக்கிறார் என்று கண்கலங்கிப் போனார்கள். அப்புறம் என்ன, பிஷப் ஆக்கிவிட்டார்கள்.

அபிஷேக ஆராதனையில் நான் முன் வரிசையில் இருந்தேன். கிரீடம் அவருக்கு அளவில்லை. குனிந்தால் காது வரை இறங்கிவிடும், ஒரு கையால் பிடித்துக்கொண்டேதான் ஆசீர்வாதம் சொன்னார். நன்றியுரையில் என்ன சொன்னார் தெரியுமா? "நான் வரக் கூடாது என்று எனக்கு ஓட்டுப்போட்ட எல்லாருக்கும் என் நன்றி." கோயிலே சிரித்தது. நானும் சிரித்தேன். பாதிச் சிரிப்பில் நிறுத்திவிட்டேன்.

இருந்தாலும் மனதில் ஒரு நம்பிக்கை. நம் கையால் வைத்த ஆள், நமக்குச் செய்யாமல் யாருக்குச் செய்யப் போகிறார்?

முதலில் மாட்டியது செல்லையாதான். பள்ளிக்கூடக் கட்டட வேலை கேட்டு உள்ளே போனான். நான் இந்தப் பெஞ்சில் இருந்தேன். வெளியே வரும்போது சட்டையெல்லாம் ஈரம். "என்ன வே, குளிச்சேரா?" என்றேன். "நீர் போய்ப் பாரும், தெரியும்" என்றான். ஒரு வாரம் எனக்குச் சாப்பாடு ருசித்தது.

அப்புறம் என் முறை வந்தது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

என் மகள் பியூலா இங்கே பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். நான் பெருமைக்குச் சொல்லவில்லை, அவள் நடத்தினால் ஆடு மாடுகூட அல்ஜீப்ரா போடும். நாள் முழுக்க நின்றே நடத்துவாள். செருப்பு அறுந்தால் தைக்கக் கொடுக்கக்கூட நேரம் கிடையாது, தானே ஊசியும் நூலும் எடுத்துத் தைத்துக்கொள்வாள். அந்தப் பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியை இடம் காலியாயிற்று. சம்பந்தி வீட்டில் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். "இனிமே நம்ம பியூலா ஹெட்மிஸ்ட்ரஸ்." அவளிடமும் சொன்னேன். அவள் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தாள்.

"ஹெட்மிஸ்ட்ரஸுக்கு வகுப்பு உண்டாப்பா?" என்றாள்.

"ஒரு வகுப்பும் கிடையாது. கையெழுத்துப் போட்டால் போதும். மற்ற நேரம் சுத்துகிற நாற்காலி" என்றேன்.

திருத்திய பேப்பரையே மறுபடியும் திருத்தினாள். சந்தோஷத்தில் அப்படி ஆகும். பிறகு மெதுவாக, "எனக்குப் பத்தாம் வகுப்புக் கணக்கு போதும்ப்பா" என்றாள். அடக்கம். பெண்பிள்ளையை வளர்த்தால் அப்படி வளர்க்க வேண்டும். அதை இன்னும் மூன்று நாலு தடவை சொன்னாள். அவ்வளவு அடக்கம்.

இடைஞ்சல் ஒன்றுதான். எப்சிபா டீச்சர். பியூலாவுக்கு மேலே சீனியர். கல்யாணம் ஆகாதவள், முன்னால் பின்னால் யாரும் இல்லை, சிபாரிசுக்கு ஒரு காக்கை கிடையாது. அதெல்லாம் ஒரு தடையா?

இந்தக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனேன். "வாரும் வே வேதக்கண்" என்றார். அந்தப் பழக்கம் மாறவில்லை, எனக்கும் மகிழ்ச்சிதான். எல்லாவற்றையும் சொன்னேன். தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். முடித்தேன்.

"ஜெபிப்போம்" என்றார். முழங்காலில் நின்றார். நானும் நின்றேன். "நீரே பண்ணும்" என்றார்.

தம்பி, என் ஜெபத்துக்கு இந்தப் பக்கத்தில் ஒரு பெயர் உண்டு. கல்யாண வீட்டில் நான் ஜெபத்துக்கு எழுந்தால் சமையல்காரன் அடுப்பை அணைத்துவிடுவான், சாப்பாட்டுக்கு நேரமிருக்கிறது என்று. பரம தகப்பனே என்று தொடங்கினேன். வானம், பூமி, கடல், அதில் உள்ள மச்சங்கள் எல்லாவற்றுக்கும் நன்றி சொல்லி, திருமண்டலத்துக்கு வந்து, பள்ளிக்கூடத்துக்கு வந்தேன். எடுத்த எடுப்பில் மகள் பெயரைச் சொல்ல நாக்குக் கூசியது. ஆயிரம் இருந்தாலும் ஆண்டவர் இல்லையா? கொஞ்சம் சுற்றிப் போவோம் என்று, "தகுதியுள்ள ஒருத்தியை நீரே ஏற்படுத்தும்" என்றேன்.

"ஆமென்!" என்றார் பிஷப்.

நான் இன்னும் முடிக்கவில்லை. "அந்தத் தகுதி யாருக்கு உண்டென்று நீர் அறிவீர்" என்றேன்.

"ஆமென், ஆமென்!"

இது சரிப்படாது என்று, "உமது அடியாள் பியூலாவை..." என்றேன். சத்தம் இல்லை. மின்விசிறி மட்டும் சுற்றியது. இன்னும் ஒரு தடவை, கொஞ்சம் அழுத்தி, "பியூலாவை ஆண்டவரே" என்றேன். சத்தமே இல்லை. ஒரு கண்ணைத் திறந்து பார்த்தேன். அவர் இரண்டு கண்ணையும் திறந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிஷப் ஜெபத்தில் கண்ணைத் திறக்கலாமா? நீங்களே சொல்லுங்க.

எனக்கு முழங்கால் வேறு வலி. ஆமென் வராமல் எப்படி எழுந்திருப்பது? மரியாதைக்கு ஒரு வார்த்தை போடுவோம் என்று, "எப்சிபா டீச்சரையும் நினைத்தருளும்" என்றேன்.

"ஆமென்!" ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அதோடு விட்டாரா? "அவங்க சர்வீஸையும் சொல்லும் வே. ஆண்டவருக்குத் தெரியும், இருந்தாலும் உம்ம வாயால சொல்லும்" என்றார். சொன்னேன். ஆமென். "பிள்ளைகளை அடிக்க மாட்டாங்கல்லா? அதையும் சொல்லும்." அதையும் சொன்னேன். ஆமென். சொல்லச் சொல்ல ஆமென் வந்துகொண்டே இருந்தது. மனிதன் என்ன செய்வான்? உற்சாகம் வந்துவிடுமில்லையா? கடைசியில், "ஆகையால் எப்சிபாவையே அந்த ஸ்தானத்தில் நிறுத்தும்" என்று கையை உயர்த்திக் கேட்டது யார் என்று நினைக்கிறீங்க? நான். என் வாய். என் பெயர் பெற்ற வாய்.

எழுந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "பெரிய மனசு வே உமக்கு" என்றார். முகத்தில் ஒரு கள்ளமும் தெரியவில்லை. அதுதான் தம்பி என்னால் இன்றுவரை தாங்க முடியாதது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெரிய கோயிலில் அறிக்கை வாசித்தார்கள். "திரு. வேதக்கண் அவர்கள் தம் சொந்த மகளுக்கும் மேலாக முன்மொழிந்தபடி, செல்வி எப்சிபா அவர்கள் தலைமையாசிரியையாக..." சபை முழுவதும் திரும்பி என்னைப் பார்த்தது. இரண்டு கிழவிகள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். செல்லையா மட்டும் கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினான்.

என் மகள் அன்றைக்கு வீட்டில் பாயசம் வைத்தாள். முந்திரி எல்லாம் போட்டு. துக்கத்தை வெளியே காட்டத் தெரியாத பிள்ளை.

அதோடு என் வாழ்க்கை போயிற்று. எனக்கு நியாயஸ்தன் என்று பெயர் வந்துவிட்டது! சபை அரசியலில் இருக்கிற மனிதனுக்கு இதைவிடக் கேடு என்ன வேண்டும்? மேற்கு அணி என்னை நம்புவதில்லை. கிழக்கு அணிக்காரன் சொத்துத் தகராறைத் தீர்த்துவை என்று என் வீட்டு வாசலில் வந்து நிற்கிறான். ஒரு அக்காளும் தங்கச்சியும் ஒரு தென்னந்தோப்புக்குச் சண்டை, நான் பேசி முடித்து இப்போது ஒரே அடுப்பில் சமைக்கிறார்கள். எனக்கு என்ன லாபம் அதில்? இளநீர்தான். எப்சிபா டீச்சர் வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்குக் கேக் கொண்டுவந்து, "உங்களை மாதிரி ஒருத்தரை நான் பார்த்ததில்லை அண்ணாச்சி" என்று அழுவாள். கேக் நன்றாகத்தான் இருக்கும். அதுதான் இன்னும் எரிச்சல்.

பிஷப் ஐயா கதை இத்தனை வருஷமும் இதேதான். பெரிய பங்களாவுக்குள் கோழி வளர்த்தார். அசனப் பண்டிகை என்று ஊரே கூடிச் சாப்பிடுகிற இடத்தில் பிஷப்புக்குத் தனி மேஜை போட்டால் அதில் சாம்பார் வாளியை வைத்துவிட்டு, பந்தியில் போய் உட்காருவார். உள்ளே போனவன் எல்லாம் தான் கேட்க வந்ததைக் கேட்க முடியாமல், வேறு எதையோ கேட்டுவிட்டு வெளியே வருவான். இந்த மாசக் கடைசியோடு ஓய்வு. தேரிக்காட்டுக்கே திரும்பிப் போகிறாராம். போகட்டும், நான் வழியனுப்ப மாட்டேன். மாலை வாங்கச் சொல்லியிருக்கிறேன், அது ஊர் வாய்க்காக.

ஆனால் போவதற்குள் ஒரு கையெழுத்து பாக்கி. எப்சிபாவும் இந்த மாசத்தோடு ஓய்வு. அடுத்த சீனியர் யார்? பியூலா! இந்தத் தடவை நியாயமும் நம் பக்கம் தம்பி. நியாயமும் சிபாரிசும் ஒரே பக்கம் இருந்தால் அதற்குமேல் என்ன வேண்டும்? நேற்று ராத்திரி அவளிடம் சொன்னேன், நாளைக்கு உனக்காகப் போகிறேன் என்று. "போகாதீங்கப்பா" என்றாள். வெயிலாம். என் உடம்புமேல் அவ்வளவு அக்கறை.

ஜெபமும் தயார். சுற்றி வளைக்கிற வேலையே கிடையாது. தகுதி, சர்வீஸ், எப்சிபா, இந்த மூன்று வார்த்தையும் வாயில் வரக் கூடாது என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தேன். வானம் பூமி வேண்டாம். நேரே பியூலா. அவர் வாயை மூடிக்கொண்டு இருந்தால், ஆமென் சொல்கிறவரை நானும் எழுந்திருக்கப் போவதில்லை. முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு வந்திருக்கிறேன், வாசனை வரவில்லையா?

இருங்க, கதவு திறக்கிறது. அந்த டீச்சர் வருகிறாள்...

பியூலா? ஏ பியூலா! நீ எங்கேம்மா இங்கே? பள்ளிக்கூடம்? பெர்மிஷன் போட்டுட்டு வந்தியா? எதுக்கு? ஜெபம் பண்ணவா?

பார்த்தீங்களா தம்பி! இதுதான் என் மகள். அப்பா வெயிலில் அலையக் கூடாது என்று தானே வந்திருக்கிறாள். கண்ணெல்லாம் ஈரமா இருக்கே, அழுதியாம்மா? இல்லையா? சிரிச்சியா? சரி, சரி, சந்தோஷத்தில் எல்லாம் வரும்.

தாசையா என்ன கேட்கிறான் பாருங்க, "போன தடவை மாதிரியேதானா டீச்சர்?" என்று. போன தடவையும் வந்தியா? என்கிட்டே சொல்லவே இல்லையே! "அதே ஜெபம்தான் அண்ணே" என்கிறாள். ஒரே விசுவாசம். அஞ்சாறு வருஷமா ஒரே விண்ணப்பம். அதைவிடு, ஐயா என்ன சொன்னார்? ஆமென் சொன்னாரா? முழு ஆமெனா? சத்தமாவா?

சரிம்மா, நீ போ, வகுப்புக்கு நேரமாச்சுன்னா போ. செருப்பைப் பார்த்துப் போடு, அறுந்துடப் போகுது.

கேட்டீங்களா தம்பி? என் மகளுக்கு ஆமென் சொல்லிவிட்டார்! என்னிடம் அன்றைக்கு அடைத்துக்கொண்ட அதே வாய். நடையைப் பாருங்க அவளுக்கு, கிட்டத்தட்ட ஓடுகிறாள். தலைமையாசிரியை இப்படி ஓடலாமா, இனிமேல் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

என் முறைதான். கொஞ்சம் கை கொடுங்க, எழுந்துகொள்கிறேன். இனி அந்த நீள ஜெபமெல்லாம் எதற்கு? ஒரே வரி போதும். ஆண்டவரே, என் மகள் சற்று முன் இந்த அறையில் உம்மிடம் என்ன கேட்டாளோ, அதை அப்படியே அவளுக்குக் கொடும். முடிந்தது. இதற்கு அவர் ஆமென் சொல்லாமல் இருக்க முடியாது. சொல்லுங்க தம்பி, இதில் எங்கே கொண்டுபோய் என்னை மாட்டிவிடுவார்?